மிதாவைக் கூப்பிடு

ஏனுங் அம்மிணி, இந்த ஓரத்துல நான் உட்காந்துக்கட்டுமுங்களா? பையனை மடியில வச்சுக்குங்க, போதும். புளியங்காட்டுப் பிரிவுல எறங்கோணும். வண்டி அங்க நிக்கும்னுதான் கண்டக்டர் சொன்னாரு. ஆனா சொன்ன தினுசைப் பாத்தா நம்பற மாதிரி இல்ல.

அப்பறம் இன்னொரு உதவி. இந்தப் போனுல ஒரு வாய்ஸ் மெசேஜ் இருக்குது பாருங்க. நாலு நாளா வச்சிருக்கேன். காதுகிட்டக் கொண்டு போனாச் சின்னதாக் கேக்குது, எடுத்தாச் சத்தமாக் கேக்குது, அப்பறம் நடுவுல நின்னு போகுது. நிக்காம முழுசா ஓடோணும்னா எங்க அமுத்தோணும்? எங்கூட்டுக்காரரைக் கேட்டா, முப்பத்து மூணு வருஷம் பாடம் நடத்துனவளுக்கு இது தெரியாதாங்கறாரு. எகத்தாளம். நீங்க பாத்துச் சொல்லுங்க.

ஆ, அதேதான். கேளுங்க.

புரியுதுங்களா? இல்லீங்கல்ல. எனக்கும்தான். அது ஒரியா பாஷை. ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டு. நடுவுல தமயந்தி டீச்சர், தமயந்தி டீச்சர்னு மூணு எடத்துல வந்துச்சே, கேட்டீங்களா? அது நான்தான். போன மாசம் முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் ஹெட்மிஸ்ட்ரஸ். இப்ப ரிடையர்.

சின்னப் பள்ளிக்கூடந்தானுங்க. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும். நானு, நவநீதன்னு ஒரு சாரு, ரெண்டே பேரு. ஒரு காலத்துல பதினேழு புள்ளைங்கதான், மூடப் போறோம்னு கூடச் சொல்லிட்டாங்க. அப்பறம் ஊரைச் சுத்திப் பனியன் கம்பெனி வந்துச்சு. கம்பெனிக்கு வடக்க இருந்து சனம் வந்துச்சு. சனத்தோட புள்ளைங்க வந்துச்சு. அறுபத்தொண்ணு ஆச்சு. அதுல பாதிக்கு மேல ஒரியா. நாலஞ்சு பீகார். பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துனதே அந்தப் புள்ளைங்கதான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாயத் தொறந்தா ஒண்ணும் புரியாது. ஒண்ணாங் கிளாசுல ஒண்ணு அழுதுச்சுன்னா வயித்து வலியா, ஒண்ணுக்குப் போகோணுமா, அம்மாவைத் தேடுதான்னு தெரியாம நானும் அதுகூட அழுதிருக்கேன். நெசமாத்தானுங்க.

அப்பத்தான் மிதா வந்தா.

முழுப் பேரு ரஷ்மிதா. எட்டு வயசு. அவங்கப்பன் கூட்டியாந்து நிறுத்துனான். எட்டு வயசுன்னா மூணாங் கிளாஸ், வயசுக்கு ஏத்த வகுப்புல சேத்தோணும்னு சட்டம். ஊர்ல பள்ளிக்கூடம் போனாளான்னு கேட்டேன். அப்பன் தலையை ஆட்டுனான். ஆமான்னு ஆட்டுனானா இல்லைன்னு ஆட்டுனானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் ஆமான்னு எழுதிட்டேன்.

ஆறே மாசமுங்க. நம்ம புள்ளைங்களோட பாண்டி ஆடி, சண்டை போட்டு, நம்மளை மாதிரியே தமிழ் பேச ஆரம்பிச்சுட்டா. "டீச்சர், இவனுக்கு வவுறு வலிக்குதாமா"ங்கறா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அப்பறம் பாத்தா ஹிந்தியும் பேசறா, அந்தப் பீகார்ப் புள்ளைங்களோட. என்னமா மூளை! எனக்கு ஒரு புள்ளை இருந்து இப்படி இருந்தா வேற என்னங்க வேணும்.

அன்னியிலிருந்து பள்ளிக்கூடத்துல ஒரே சத்தந்தான். மிதாவைக் கூப்பிடு. புதுசாப் புள்ளை சேக்க வந்தாங்களா, மிதாவைக் கூப்பிடு. ஊசி போட நர்சம்மா வந்தாச்சா, மிதாவைக் கூப்பிடு. சத்துணவுல முட்டை வேண்டாங்குதா ஒரு பொடுசு, மிதாவைக் கூப்பிடு. ஆதார் கார்டுல பேரு தப்பா, கல்வி ஆபீசரு பி.இ.ஓ. வந்திருக்காரா, மிதா, மிதா, மிதா. காத்தால ஒம்பதரைக்குத்தான் பெத்தவங்க எல்லாரும் வருவாங்க, கம்பெனிக்குப் போற வழியில. அது தமிழ் வாசிப்பு நேரம். அவ எந்திரிச்சு ஓடி வந்துருவா. ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல. சிரிச்சுக்கிட்டே வருவா.

நவநீதன் ஒரு தடவை சொன்னான். "டீச்சர், அந்தப் புள்ளை கிளாசுல இருந்த நேரத்தை விட உங்க ரூம்ல இருந்த நேரம் ஜாஸ்தி"ன்னான். எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "அப்படின்னா நீ போய் ஒரியா படிச்சுட்டு வா சாமி, நான் அவளைக் கூப்பிடல"ன்னேன். நீங்களே ஒரியா படிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஏனுங்க, ஐம்பத்தெட்டு வயசுல நான் போய் எதுக்குங்க? அதுங்கதான இங்க பொழைக்க வந்திருக்குதுங்க.

படிப்புல குறைன்னு சொல்ல முடியாதுங்க. கேள்வி கேட்டா டக்குன்னு பதில். நீர்வாழ் உயிரினம் அஞ்சு சொல்லுன்னா பத்துச் சொல்லுவா. கையெழுத்து இருக்குதே, முத்து முத்தா இருக்கும். காத்தால போர்டுல தேதி, வருகை, பொன்மொழி எல்லாம் எழுதறது அவதான். நான் சீட்டுல எழுதிக் குடுப்பேன், அப்படியே அச்சாட்டம் எடுத்து எழுதிருவா. வாய்மொழித் தேர்வுல ஏ. கையெழுத்துல ஏ. மூணு வருஷமும் ஏ கிரேடு. நான் என் கையால போட்டது.

உங்க பையன் எந்தப் பள்ளிக்கூடம்? இங்கிலீஷ் மீடியமா. வீட்ல என்ன பேசுவீங்க, தமிழ்தான? ம். படிக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்தீங்களா எப்பவாச்சும்? சும்மா கேட்டேன். நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க.

போன வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. தாய்மொழி வேறயா இருக்கற குழந்தைகளுக்குச் சிறப்புக் கவனம்னு. மூணு நாள் பயிற்சி போட்டாங்க. தாய்மொழிங்கறது பாலமுங்க, அதைப் புடிச்சுத்தான் புள்ளை தமிழுக்கு வரும், ஆராய்ச்சியில நிரூபிச்சாச்சுன்னு ஒரு சின்னப் பையன் படம் போட்டுக் காட்டுனான். நானும் கை தட்டுனேன். எங்க பள்ளிக்கூடத்துல அப்படி ஒரு புள்ளை இருக்குதுங்கன்னு எந்திரிச்சு மிதாவைப் பத்திச் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு அவ்ளோ பெருமை.

அதுக்கு அடுத்த வாரம் போன்லயே ஒரு படிவம். கடைசி நாளு. சிக்னல் இல்ல, வேப்பமரத்துக்குக் கீழ நின்னு நெரப்பறேன். அதுல ஒரு கேள்வி. "பள்ளியில் மொழி உதவியாளர் உள்ளாரா? ஆம், இல்லை." முதல்ல இல்லைன்னுதான் அமுத்துனேன். உடனே கீழ ஏழெட்டுக் கட்டம் தெறந்துச்சு. எந்த மொழி எத்தனை பேரு, எத்தனை நாளா, என்ன நடவடிக்கை எடுத்தீங்க, எடுக்கலைன்னா ஏன். அந்தப் படிவம் கேக்கற தோரணையப் பாத்தா நாந்தான் குத்தவாளி. ஆமான்னு மாத்தி அமுத்துனேன். பச்சை டிக்கு வந்துச்சு. முடிஞ்சுது. அதுல பொய் என்னங்க? மிதா இருக்காளல்ல?

இல்லைன்னு அமுத்துன பள்ளிக்கூடத்துக்கெல்லாம் ஒரியா தெரிஞ்ச பொம்பளை ஒருத்தரை வாரத்துல மூணு நாள் அனுப்புனாங்களாம். எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட வந்துச்சாம். எனக்குத் தெரியவே தெரியாது. இப்பத்தான் தெரியும்.

சரி, மாசி மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு. அனிந்திதான்னு பேரு. புவனேஸ்வர்ல ஏதோ யுனிவர்சிட்டி. இப்படிப் பல பாஷைப் புள்ளைங்க படிக்கற பள்ளிக்கூடத்தைப் பத்தி ஆராய்ச்சி. எங்க படிவத்தைப் பாத்துட்டுத் தேடி வந்திருக்குது. வந்ததும், "மேடம், உங்க மொழி உதவியாளரைப் பாக்கணும்"னுச்சு. அதுக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல நான், அதுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அது. நான் ஜம்முன்னு சொன்னேன், "மிதாவைக் கூப்பிடு."

மிதா வந்து நின்னா. பதினோரு வயசு, ரெட்டைச் சடை, ஒரு சடையில ரிப்பன் அவுந்து தொங்குது. அந்தப் பொண்ணு அவளைப் பாத்துச்சு. அவளுக்குப் பின்னாடி வேற யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துச்சு. அப்பறம் என்னைப் பாத்துச்சு. அந்தப் பார்வை எனக்குப் புடிக்கல.

ரெண்டு பேரும் ஒரியாவுல பேசுனாங்க. சிரிப்பும் கும்மாளமும். அப்பறம் அது பையில இருந்து ஒரு அட்டையை எடுத்துக் குடுத்துச்சு, ஒரியா எழுத்து. மிதா தலையை ஆட்டுனா, தெரியாதுன்னு. அதுல என்ன அதிசயம்? ஊரை விட்டு வந்து மூணு வருஷம் ஆன புள்ளை. நான் சொன்னேன், "தமிழ்ல குடுங்க, அசத்துவா"ன்னு. நானே அஞ்சாங் கிளாஸ் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் தெறந்து கையில குடுத்தேன். "படி கண்ணு."

படிச்சா. கணீர்னு. மழைநீர் சேமிப்புப் பாடம். ஒரு எடத்துல தடுமாறல. விரலு வரி வரியா நகருது, வரி முடிஞ்சா அடுத்த வரிக்குப் போகுது. எனக்குப் பூரிச்சுப் போச்சு. எப்படின்னு அந்தப் பொண்ணைப் பாத்து நிமுந்தேன்.

அது புத்தகத்தையே பாத்துட்டு இருந்துச்சு. நானும் எட்டிப் பாத்தேன்.

யானைப் படமுங்க. நான் தெறந்து குடுத்தது யானைப் பாடம். அந்தப் பக்கத்துல மழைன்னு ஒரு சொல்லு கூடக் கிடையாது.

அவ இன்னும் நிறுத்தல. மழைநீர்ப் பாடத்தை முடிச்சுட்டு, நிமுந்து, எப்பவும் போலச் சிரிச்சா. யானைங்கற சொல்லைத் தொட்டுக் காட்டி இந்த எழுத்தென்ன சொல்லுன்னேன். சிரிச்சா. இது? சிரிச்சா. சீட்டுல என் பேரை எழுதிக் காட்டுனேன், அதுக்கும் சிரிச்சா. தெனம் அவ கையால போர்டு எழுதறாளுங்க அம்மிணி. "தலைமை ஆசிரியர்: திருமதி தமயந்தி"ன்னு மூணு வருஷமா எழுதிட்டு இருக்கறா. அவளுக்கு அது கோலம். எனக்கு அது தெரியல.

அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்குது, அதைத்தான் என்னால தாங்க முடியல.

மத்தியானம் அவங்கம்மா வந்துச்சு. கம்பெனியில பனியனுக்கு நூல் பிசிறு வெட்டற வேலை, சாப்பாட்டு நேரத்துல மகளைப் பாக்க வரும். அந்தப் பொண்ணு போய்ப் பேசுச்சு. பேசப் பேச அந்தம்மா நெலத்துல உட்காந்துருச்சு. முந்தானையால வாயை மூடிட்டு அழுகுது. ஊர் பாஷையில ஒருத்தர் கேட்டதும் மூணு வருஷத்தையும் கொட்டிருச்சு போல. அனிந்திதா திரும்பி வந்து எங்கிட்டச் சொல்லுது: "மேடம், இவங்க உங்ககிட்ட மூணு தடவை வந்து சொல்லியிருக்காங்க. என் மகளுக்கு எழுத்துத் தெரியல, தயவு பண்ணிச் சொல்லிக் குடுங்கன்னு மூணு தடவை கேட்டிருக்காங்க."

மூணு தடவை வந்துச்சு. உண்மைதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது.

முதல் தடவை வந்து என்னமோ பேசுச்சு. என்ன சொல்லுது மிதான்னேன். "உங்களுக்கு நன்றி சொல்லுதுங் டீச்சர்"ன்னா. ரெண்டாந் தடவை மகளோட நோட்டைக் கையில புடிச்சுட்டு வந்துச்சு. நோட்டைக் காட்டுது, மகளைக் காட்டுது, தலையில கை வச்சுக்குது. என்னம்மா மிதான்னேன். "நோட்டுத் தீந்துருச்சாமா டீச்சர், புது நோட்டு வேணுமாமா"ன்னா. நான் பீரோவைத் தெறந்து புது நோட்டு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். அந்தம்மா அந்த நோட்டை வாங்கிட்டு அப்படியே நின்னுச்சு. நாலு கோடு நோட்டு. ரொம்ப நேரம் நின்னுச்சு. சரி போயிட்டு வாம்மான்னு நாந்தான் அனுப்புனேன். மூணாந் தடவை கால்ல விழுந்துச்சு. எந்திரிம்மா எந்திரிம்மான்னேன். மிதா சொன்னா, "எங்க ஊர்ல டீச்சருக்கு இப்படித்தானுங் கும்புடுவாங்க."

கேட்டீங்களா? என் மூஞ்சிக்கு நேரா நின்னு மூணு பொய்யி. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மத்தவங்க எல்லாம் போனப்பறம் அவளை ரூம்ல நிறுத்திக் கேட்டேன். "ஏம்புள்ள இப்படிப் பண்ணுனே? உங்கம்மா அழுதுட்டுச் சொன்னதை நன்றின்னு ஏன் சொன்னே?"

அவ சொல்றா, "நீங்க சத்தம் போடறப்பக் கூட நான் அவங்ககிட்ட டீச்சர் சத்தம் போடறாங்கன்னு சொல்ல மாட்டேனுங் டீச்சர். டீச்சர் நல்லாத்தான் சொல்றாங்கன்னுதான் சொல்லுவேன். அவங்க உங்களைத் திட்டுனாலும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் நல்லபடியா ஆகற மாதிரித்தான் நான் எப்பவும் சொல்லுவேன்."

"யாரு என்னைத் திட்டுனாங்க?"

அவ மேசை மேல கெடந்த சாக்பீசை எடுத்து டப்பாவுல போடறா.

"உனக்குப் படிக்கத் தெரியலைன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நீங்க கேக்கலீங் டீச்சர்."

கேக்கலையாமா! ஏனுங்க, ஏ கிரேடு வாங்குன புள்ளையப் போயி உனக்குப் படிக்கத் தெரியுமான்னு யாராச்சும் கேப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. நான் அவளுக்கு என்ன குறை வச்சேன்? தீவாளிக்குத் துணி எடுத்துக் குடுத்தேன். என் டிபன்ல பாதி அவளுக்கு. அறுபத்தொரு புள்ளையில நான் மகளாட்டம் நெனச்சது அவ ஒருத்தியத்தான்.

சொல்லுங்கன்னா நீங்க வெளிய பாக்கறீங்க. பாருங்க, பாருங்க.

அதுக்கப்பறம் நான் சும்மா இருக்கலீங்க. ரெண்டு மாசம் இருந்துச்சு கையில. அவளை உட்கார வச்சு அ, ஆவன்னாவுல இருந்து ஆரம்பிச்சேன். ஒண்ணாங் கிளாஸ் பொடுசுங்களுக்கு நடுவுல அவ. காலை மடக்க எடம் இல்லாத பெஞ்சு. அதுங்க எல்லாம் அவளை அக்கா அக்கான்னு சுத்துனதுங்க, இப்ப அவ தப்பாச் சொன்னாச் சிரிக்குதுங்க. நாலு நாள் வந்தா. அஞ்சாம் நாளு புதுசா ஒரு குடும்பம் சேக்க வந்துச்சு, ஒரியாக்காரங்க, ரெண்டு புள்ளைங்க. நான் ரூம்ல இருந்து... பழக்கமுங்க. வாயில தானா வந்துருச்சு. கூப்பிட்டுட்டேன். எந்திரிச்சு ஓடி வந்தா பாருங்க, நாலு நாளாக் காணாமப் போன சிரிப்பு மறுபடி மொகத்துல. அதைப் பாத்துட்டு எனக்கே மனசு வரல, போய் உட்காருன்னு சொல்ல.

அப்படியே ஏப்ரல் வந்துருச்சு. அஞ்சாங் கிளாஸ் முடிஞ்சுது. டி.சி. எழுதிக் குடுத்தேன். அந்தம்மா பேரு பசந்தின்னு எனக்கு டி.சி. எழுதறப்பத்தான் தெரியும். மே மாசம் எனக்கு வழியனுப்பு விழா. சால்வை, மாலை, எல்லாம் உண்டு. வரவேற்புப் பேச்சு மூணு பாஷையில மிதாதான் பேசுனா. சனம் அசந்து போச்சு.

ஜூன்ல பள்ளிக்கூடம் தெறந்து பத்து நாள் கழிச்சு நவநீதன் போன் பண்ணுனான். "டீச்சர், மிதா ஆறாங் கிளாசுல சேரலையாம். நான் விசாரிச்சேன்"னான். அதோட போனை வச்சுட்டான்.

போன வாரம் கெளம்பிப் போனேன். இதே பஸ்ஸுதான். புளியங்காட்டுப் பிரிவுல எறங்கி உள்ள நடக்கோணும். லைன் வீடு, வரிசையா பத்துக் கதவு, ஒரே கொழாய். மிதா யாரோ ஒருத்தர் கொழந்தையை இடுப்புல வச்சுட்டு நின்னா. என்னைக் கண்டதும் ஓடியாந்து பையை வாங்குனா. நான் உட்கார்றதுக்குள்ள வீட்டு ஓனரு வாசல்ல வந்து, "மிதா, இவங்ககிட்டச் சொல்லு, மோட்டாரை ராவெல்லாம் ஓட விடக் கூடாதுன்னு"ங்கறாரு. அது முடியல, ஒரு பொம்பளை மாத்திரைச் சீட்டை நீட்டுது. கம்பெனி சூப்பர்வைசரு வேற சொல்லியிருக்கானாமா, அந்தப் புள்ளையக் கூட்டியாங்க, புதுசா வந்த ஆளுங்களுக்கு வேலை சொல்றதுக்கு உதவியா இருக்கும்னு. பதினோரு வயசுப் புள்ளையங்க. லைனு முச்சூடும் அதே சத்தம். மிதாவைக் கூப்பிடு.

அந்தம்மா எனக்குச் சேரைப் போட்டுட்டுச் செவுத்தோரமா நின்னுச்சு. நான் சொன்னேன், "மிதா, அம்மாகிட்டச் சொல்லு. உன்னை ஆறாவதுல சேத்தியே ஆகோணும். சேக்க நானே கூட வர்றேன். சாயந்தரம் என் வீட்டுக்கு அனுப்பட்டும், ஒரு வருஷம் ஆனாலும் சரி, எழுத்துக்கூட்டிப் படிக்க வச்சுட்டுத்தான் விடுவேன். நான் பண்ணுனது தப்புத்தான், அதையும் சொல்லு." இவ்வளவு சொன்னேன். அவ நாலு வார்த்தை சொன்னா. நாலே நாலு.

அந்தம்மா என்னைப் பாத்துச்சு. அப்பறம் பேச ஆரம்பிச்சுது. பேசுது, பேசுது, மகளோட தாடையைப் புடிக்குது, கண்ணுல தண்ணி, என்னைக் கும்புடுது, மறுபடி பேசுது. நான் மிதா மொகத்தையே பாத்துட்டு இருக்கறேன்.

"வேண்டாங்குதுங் டீச்சர்."

"இவ்ளோ நேரம் பேசுச்சே, ஒரே வார்த்தையா?"

"அவ்ளோதானுங் டீச்சர்."

மூணு தடவை வந்து கால்ல விழுந்த பொம்பளைங்க அது. மகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னு. அது வேண்டாங்குமா? வேண்டான்னது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்? பொடுசுங்க நடுவுல உட்காந்து பட்டதை அவ மறப்பாளா? அங்க போனா அவளுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க இருந்தா அவளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. ஆனா நான் என்னங்க பண்ணுவேன்? நீ பொய் சொல்றேன்னு சொல்லட்டுமா? யார்கிட்டச் சொல்லுவேன்? அதையும் அவதான அம்மாகிட்டச் சொல்லோணும்? நான் முப்பத்து மூணு வருஷம் வாய் ஓயாமப் பேசுனவ, அந்தம்மாவுக்கு முன்னால ஊமையாட்டம் உட்காந்துட்டு இருந்தேன். அதுவும் ஊமையாட்டம் நின்னுச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அவ கொழந்தையை ஆட்டிக்கிட்டு நின்னா. டீத்தண்ணி குடிச்சுட்டு வந்துட்டேன்.

வந்து அனிந்திதாவுக்குப் போன் பண்ணுனேன். நீ பேசம்மான்னேன். அந்தம்மாகிட்டத் தனியாப் போன் இல்ல, ஒரே போனு, அது அப்பனோட ஷிப்டுக்குப் போயிரும். அதனால அது பேசி அனுப்பி வச்சுது, இந்த வாய்ஸ் மெசேஜ். நேர்ல போய் அந்தம்மாகிட்டப் போட்டுக் காட்டுங்க, மிதா பக்கத்துல இல்லாத நேரமாப் பாத்துப் போடுங்கன்னு சொல்லுச்சு. அதுல என்னம்மா சொல்லியிருக்கேன்னு கேட்டேன். "உண்மையைச் சொல்லியிருக்கேன் மேடம்"னுச்சு.

என்ன உண்மைங்க அது? நாலு நாளாக் காதுல வச்சுக் கேக்கறேன். தமயந்தி டீச்சர்னு மொதல்ல வர்றப்பக் கொரலு சாதாரணமா இருக்குது. ரெண்டாவது எடத்துல கொஞ்சம் நிறுத்தி வருது. மூணாவது எடத்துல எனக்குச் சரியாப் படல. என்னையத் திட்டியிருக்குமோ? அந்த டீச்சர் உன் மகளை வேலைக்காரியாக்கி வச்சிருந்தாங்கன்னு சொல்லியிருக்குமோ? இல்ல, டீச்சர் நல்லவங்க, தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு சொல்லியிருக்குமோ? அந்தம்மா கேட்டுட்டு என் மூஞ்சியப் பாக்குமே, அப்ப நான் சிரிக்கறதா, தலையைக் குனியறதான்னு கூட எனக்குத் தெரியாது. அந்தப் புது நோட்டைக் கையில வாங்கிட்டு அந்தம்மா நின்னுச்சே அன்னிக்கு, அதுக்கு எப்படி இருந்திருக்கும்? என்னங்க பண்றது. பண்ணுனதுக்குப் பட்டுத்தான் ஆகோணும்.

மணி மூணரைதான? சரியாத்தான் வந்திருக்கறேன். இந்த நேரத்துல மிதா கொழாய்க்குப் போயிருப்பா. அந்தம்மாவுக்கு இன்னிக்குக் கம்பெனி லீவு, நவநீதனை விட்டு விசாரிச்சுட்டேன். கதவைச் சாத்திட்டுப் போட்டுக் காட்டிரலாம். இங்கதான அமுத்தோணும்னு சொன்னீங்க? இந்த முக்கோணத்துல. சரி.

கேட்டுட்டு அந்தம்மா பேசும். பேசாம இருக்காது. மனசுல இருக்கறதை எல்லாம் இன்னிக்கு எங்கிட்டச் சொல்லிரும், பாருங்க. சொல்லட்டும். என்ன வேணாலும் சொல்லட்டும், கேக்கத்தான் போறேன். சேக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் ஆறாவதுல உட்கார வச்சுருவேன்.

ஏனுங் கண்டக்டர், பிரிவு வந்துருச்சா? நிறுத்துங், நிறுத்துங், எறங்கோணும்! வர்றேனுங் அம்மிணி, பையனைப் பாத்துக்குங்க.

என்னது? அந்தம்மா பேசறது எனக்கு எப்படிப் புரியுமா?

அதுக்கென்னங்க, கொழாய் பக்கந்தான். ஒரு சத்தம் போட்டா மிதா ஓடியாந்துருவா. அவ சொல்லிருவா.